பச்சை அடர்ந்தால் வைட்டமின் ஈ அடருமா?

பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போய், மருந்துக்கடையில் வைட்டமின் ஈ கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது பச்சை கேப்சூல். சுருள்பாசிப் (ஸ்பைருலினா) பொடியும் பச்சை. அப்புறம் என்ன, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

நம்பிக்கை: பாசி எவ்வளவு கரும்பச்சையோ, அவ்வளவு வைட்டமின் ஈ.

உண்மை: கேப்சூலின் பச்சை மேலுறையில் சேர்த்த சாயம். குத்திப் பிழிந்தால் வருவது வெளிர்மஞ்சள் எண்ணெய். பாசியின் பச்சைக்குக் காரணம் குளோரோஃபில். நிறத்தைப் பார்த்து வைட்டமின் ஈ அளவைச் சொல்லவே முடியாது.

நம்பிக்கை: ஆய்வகத்தில் கொடுத்தால் எந்த முறையிலும் ஒரே எண்தான் வரும்.

உண்மை: 1938-இல் எம்மரி, எங்கெல் இருவரும் தந்த முறையில், வைட்டமின் ஈ இரும்பு உப்போடு வினைபுரிய, கரைசல் சிவக்கும். ஆனால் பாசியிலுள்ள கரோட்டினாய்டுகளும் அதே வேலையைச் செய்யும், எண் ஊதிப்போகும். இன்றைய நம்பகமான வழி எச்.பி.எல்.சி. எனும் உயரழுத்தத் திரவ வண்ணப்பகுப்பு. பொடியை ஆல்கஹாலில் கரைத்த காஸ்டிக் பொட்டாஷில் சூடாக்குவார்கள். வைட்டமின் ஈ காற்றிலும் வெளிச்சத்திலும் கெடும் என்பதால் முன்கூட்டியே அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து, பழுப்புக் குடுவையில், மங்கிய விளக்கில் வேலை நடக்கும். பிறகு ஹெக்ஸேனில் பிரித்து, சிலிக்கா நிரப்பிய குழாயில் செலுத்தினால் டோகோஃபெரால்களில் ஆல்ஃபா முதலில் வெளியேறும். பீட்டா, காமா, டெல்டா பின்தொடரும். 295 நானோமீட்டர் ஒளி பட்டதும் அவை 330 வாக்கில் ஒளிரும். அந்த ஒளிர்வை, அளவு தெரிந்த மாதிரியோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள். வழக்கமான சி-18 குழாயிலோ பீட்டாவும் காமாவும் ஒட்டிக்கொண்டே வரும்.

இந்தப் பிரிப்பு வீண் நுணுக்கம் அல்ல. வைட்டமின் ஈ எட்டு வடிவங்களில் உண்டு. கல்லீரல் தேர்ந்து ரத்தத்துக்கு அனுப்புவது முக்கியமாக ஆல்ஃபாவை. நம் நல்லெண்ணெயில் இருப்பது பெரும்பாலும் காமா!

நம்பிக்கை: சுருள்பாசியில் எல்லா வைட்டமினும் கொட்டிக் கிடக்கிறது.

உண்மை: இதற்கு ஒரு நியாயமான தொடக்கம் இருந்தது. சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரி குழுவினர் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் சுருள்பாசி கொடுத்துப் பார்த்தபோது, வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் வரும் புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன. அது பீட்டா-கரோட்டின் செய்த வேலை; வைட்டமின் ஈ கணக்கில் அதை எழுத முடியாது.

அமெரிக்க வேளாண் துறைப் பட்டியலின்படி 100 கிராம் உலர் சுருள்பாசியில் வைட்டமின் ஈ சுமார் 5 மில்லிகிராம். தினம் 3 கிராம் சாப்பிட்டால் கிடைப்பது 0.15, அந்நாட்டில் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது 15. நிலக்கடலைப் பருப்பிலோ 100 கிராமுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல். திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் கடலையில் ஒரு கைப்பிடி போதும், பாசிக் கரண்டியை முந்திவிடும். நுண்பாசிகளில் வைட்டமின் ஈ-க்குப் பேர்போனது யூக்ளினா. சுருள்பாசி அந்த வரிசையில் இல்லை.

பொட்டலத்தில் ‘வைட்டமின் ஈ நிறைந்தது’ என்றிருந்தால் விற்பவரிடம் ஆய்வறிக்கை கேளுங்கள்: ஆல்ஃபா-டோகோஃபெரால் 100 கிராமுக்கு எத்தனை மில்லிகிராம், எந்த முறையில் அளந்தது?