டப்பா மட்டும் மாறினால் போதாது, தங்கச்சி

காலையில் ஐந்தரைக்கு எழுந்து, வேகவைத்துத் தாளித்துக் கொடுத்த சுண்டல் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்துவிட்டது என்று போனில் அழாத குறையாகச் சொன்னாய். என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மாதம் எனக்கும் இதே பாடுதான். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் ஒருநாள் ராத்திரி படுக்கையில் அவனே சொன்னான்: "எல்லாரும் சிப்ஸ் வெச்சிருக்காங்கம்மா. நான் சுண்டல் வெச்சிருந்தா யாரும் மாத்திக்க வரமாட்டேங்குறாங்க."

பிள்ளைக்குச் சுண்டல் பிடிக்காமல் இல்லை. தனியாக உட்கார்ந்து தின்னத்தான் பிடிக்கவில்லை. நம் வீட்டு டப்பாவை மட்டும் மாற்றினால் வேலைக்கு ஆகாது, அவன் உட்காரும் பெஞ்சும் சேர்ந்து மாறவேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்கு அம்மாக்கள் பள்ளிக்கூடத்துக்குள் கொஞ்சம் காலடி வைத்தாக வேண்டும். நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன், உனக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்.

முதலில் நாலு அம்மாவைச் சேர்

உன் பிள்ளையோடு சேர்ந்து சாப்பிடும் பிள்ளைகள் யார் யார் என்று கேள். அந்த நாலு அம்மாக்களிடம் மட்டும் பேசு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மொத்தமாகப் போட்டால் ஆளுக்கொரு கருத்து வரும், காரியம் நடக்காது. நாங்கள் திங்களும் வியாழனும் சுண்டல் என்று பேசிவைத்தோம். ஒரு வீட்டில் பச்சைப்பயறு, ஒரு வீட்டில் கொண்டைக்கடலை, இன்னொரு வீட்டில் மொச்சை. பிள்ளைகள் மாற்றி மாற்றித் தின்றார்கள், டப்பா காலியாக வந்தது. மூன்றாவது வாரம் பக்கத்து பெஞ்சிலிருந்தும் கேட்டு வந்தார்கள்.

சுண்டல் கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. தண்ணீர் முழுக்க வற்ற வேண்டும், ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கொழகொழவென்று ஆகிவிடும். வெயில் காலத்தில் தேங்காய் போடாதே, பதினோரு மணிக்குள் வாடை வந்துவிடும். அதற்குப் பதில் துருவிய கேரட்டும் எலுமிச்சைச் சாறும் போதும்.

இடைவேளை என்பது பத்து நிமிஷம். அதிலேயே கழிப்பறைக்குப் போகவேண்டும், தண்ணீர் குடிக்கவேண்டும், கொஞ்சம் ஓடவும் வேண்டும். எனவே ஐந்து நிமிஷத்தில் தின்று முடிக்கிற பண்டமாகப் பார்த்துக் கொடு. ஏலக்கி வாழைப்பழம், சுளை பிரித்த கமலா ஆரஞ்சு, உப்பு மிளகாய்த்தூள் தடவிய கொய்யாத் துண்டு, எள்ளுருண்டை, கடலை மிட்டாய், வெல்லம் போட்ட அவல். எல்.கே.ஜி. குழந்தைக்கு மட்டும் முழு வேர்க்கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும். பொடித்து உருண்டையாகப் பிடித்துக் கொடு. வகுப்பில் யாருக்காவது கடலை அலர்ஜி இருக்கிறதா என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். எலுமிச்சை சாதம், அப்பளம், சிப்ஸ் என்று வாரம் முழுக்க ஓட்டாமல், ஏதாவது ஒரு காய், ஏதாவது ஒரு பருப்பு அல்லது முட்டை தினம் உள்ளே போனால் சரி.

காலைச் சாப்பாடு

ஏழு மணிக்கு வேன் வருகிறது என்று அரை டம்ளர் பாலில் பவுடரைக் கலக்கிக் கொடுத்து அனுப்புகிறோம். அது காலைச் சாப்பாடு ஆகாது. டப்பாவின் பின்பக்கம் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று அச்சடித்திருப்பார்கள், படித்துப் பார். இந்த மாதிரிப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் போட்டு விற்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. இரண்டு இட்லி, அல்லது ஒரு டம்ளர் ராகிக் கஞ்சி உள்ளே போகவேண்டும். காலையில் பசிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளை, பெரும்பாலும் ராத்திரி லேட்டாகச் சாப்பிட்டு லேட்டாகத் தூங்கின பிள்ளைதான். எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துப் பார், பத்தே நாளில் வித்தியாசம் தெரியும்.

பிள்ளை அரசுப் பள்ளியில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் படித்தால், பள்ளியிலேயே காலை உணவு உண்டு. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவடைந்த திட்டம் அது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று, கூடவே காய்கறி சாம்பார். "நம்ம பிள்ளை அங்கே எதுக்குச் சாப்பிடணும்" என்று கௌரவம் பார்க்காதே. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்த பிறகு, எத்தனை ஆயிரம் பேர் அந்தத் தட்டில் சாப்பிட்டுப் படித்து மேலே வந்திருக்கிறார்கள்! வேண்டுமானால் ஒருநாள் நேரில் போய் நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார். சாம்பாரில் காய் குறைவாகத் தெரிந்தால் அங்கேயே மரியாதையாகச் சொல். பெற்றோர் வந்து பார்க்கிறார்கள் என்றாலே சமையல் ஒரு படி ஏறும்.

பி.டி. பீரியட் எங்கே போகிறது?

இதைத்தான் நான் ரொம்பவும் சொல்ல நினைத்தேன். சாப்பாட்டைப் பற்றி எல்லா அம்மாக்களும் பேசுகிறோம், விளையாட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, தினம் சராசரியாக 60 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்கூல், வேன், டியூஷன், ஹோம்வொர்க் என்று போகிற பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் கிடைத்தால்தான் உண்டு. எலும்புக்கு மட்டும் இல்லை, கண்ணுக்கும் அது தேவை. வெளியில், பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது.

என் மகன் படித்த பள்ளியில் டைம்டேபிளில் வாரம் இரண்டு பி.டி. பீரியட் இருந்தது. விசாரித்தால், ஒன்றைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார். இன்னொன்றில், ஹோம்வொர்க் முடிக்காதவர்கள் வகுப்பிலேயே உட்காரவேண்டும். ரொம்பவும் ஓட வேண்டிய பிள்ளையைத்தான் உட்கார வைக்கிறார்கள்! எனக்கு மனசு ஆறவே இல்லை. ஆனாலும் சண்டைக்குப் போகவில்லை. இன்னும் மூன்று அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போய் ஹெட்மிஸ்ட்ரஸிடம் மூன்றே விஷயம் கேட்டோம். பி.டி. பீரியடை வேறு பாடத்துக்குக் கொடுக்காதீர்கள். விளையாட்டை நிறுத்துவதைத் தண்டனையாக வைக்காதீர்கள். மத்தியான வெயிலில் வருகிற பீரியடைக் காலைக்கு மாற்றுங்கள். முதல் இரண்டும் அந்த வாரமே நடந்தன. மூன்றாவதற்கு அடுத்த டேர்ம் வரை ஆனது.

"எங்களுக்கு மைதானம் இல்லையே" என்பார்கள். கட்டாயக் கல்விச் சட்டம் ஒரு பள்ளிக்கு என்னென்ன இருக்கவேண்டும் என்று போட்டிருக்கிற பட்டியலில் விளையாட்டு மைதானமும் உண்டு, விளையாட்டுச் சாமான்களும் உண்டு. அதைக் கேட்டுக்கொண்டே இரு. அது வரும்வரை, இருக்கிற இடத்தில் என்ன செய்யலாம் என்றும் சொல். ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில், 2012-ல் தலைமையாசிரியை எலைன் வைலி, பிள்ளைகளைத் தினம் 15 நிமிஷம் பள்ளியைச் சுற்றி ஓடவோ நடக்கவோ விட்டார். தனி உடை வேண்டாம், பந்து வேண்டாம், போட்டியும் இல்லை. அது இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நம்மிடம் இல்லாததா? நொண்டி, பாண்டி, பச்சைக்குதிரை, கயிறு தாண்டுதல் எல்லாம் சின்ன முற்றத்தில் முடியும். பள்ளி டீமுக்கு எடுத்த பன்னிரண்டு பேர் மட்டும் ஆட, மீதிப் பேர் கைதட்டுவது உடற்பயிற்சி ஆகாது. எல்லாப் பிள்ளைக்கும் வியர்க்கிறதா என்று மட்டும் கேள்.

பெண் பிள்ளை இருந்தால் இன்னும் விழிப்பாக இரு. வயதுக்கு வந்ததும் "போதும், உள்ளே வா" என்று நாமே இழுத்துவிடுகிறோம். சென்னை கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடினாள். அவளை யாராவது உள்ளே இழுத்திருந்தால்? உன் வீட்டுப் பெண் பாவாடையோடு ஓடக் கூச்சப்படுகிறாள் என்றால், பி.டி. நாளில் டிராக் பேன்ட் போட அனுமதி கேள். அப்புறம் கழிப்பறை. அது சுத்தமாக இல்லாததால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வீடு வருகிற பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். பாட்டில் நிறைந்தே திரும்பி வந்தால் திட்டாதே, கழிப்பறையைப் போய்ப் பார். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒன்று தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடுகிறாளா என்றும் கேட்டுக்கொள். சாப்பிட்ட பிறகு போடவேண்டும், கூடவே டீ காபி கூடாது, நெல்லிக்காயோ கொய்யாவோ நல்லது.

வாசல் கடையும் பிறந்தநாளும்

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் கூடுதலாக உள்ள பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. பள்ளியிடம் இந்த விதியை எடுத்துச் சொல். ஆனால் கடைக்கார அண்ணனிடம் விதி பேசாதே. "அண்ணே, வேகவைச்ச கடலையும் கடலை மிட்டாயும் முன்னாடி வையுங்க, நாங்களே வாங்குறோம்" என்று சொல். கூடையில் நெல்லிக்காயும் மாங்காயும் இலந்தையும் விற்கிற பாட்டியை யாரும் விரட்டிவிடாமல் பார்த்துக்கொள். கூடையை மூடி வைக்கச் சொன்னால் போதும். 250 மில்லி கோலாவில் ஆறு டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, பாட்டியின் நெல்லிக்காயில் அந்தக் கேடு இல்லை.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஏறக்குறைய வாரம் ஒரு பிறந்தநாள் வந்துவிடும். வாரம் ஒரு சாக்லேட் மழை. உன் பிள்ளையின் பிறந்தநாளை வைத்தே இதை மாற்றிவிடலாம். வகுப்புக்கு இரண்டு ஸ்கிப்பிங் கயிறும் ஒரு பந்தும் வாங்கிக் கொடு, அவன் பெயரை எழுதி. வருஷம் முழுக்க அது அவன் பந்துதான்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். "குண்டாயிட்ட, அதான் ஓடச் சொல்றேன்" என்று பிள்ளையிடம் சொல்லாதே. வகுப்பில் எல்லார் முன்னாலும் எடையைப் படிக்கிற வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல். அந்த வார்த்தையைக் கேட்ட பிள்ளை டப்பாவையும் ஒளிக்கும், மைதானத்தையும் வெறுக்கும்.

இதையெல்லாம் கேட்க ஓர் இடமும் உண்டு. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். தனியார் பள்ளி என்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கம். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று நாளைக்கே விசாரி. போகும்போது பிள்ளையின் டைம்டேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு போ, தங்கச்சி.