கொல்லைப்புறத்துச் சில்லைகள்

காலை வேளையில் வீட்டின் பின்புறத்துப் புற்களின்மீது, உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய சிறு பறவைகள் கூட்டமாக வந்து அமர்வதை நீங்கள் கண்டிருக்கலாம். மெல்லிய தண்டு வளைய வளைய, அதைப் பற்றித் தொங்கியபடியே அவை புற்கதிர்களைக் கொத்தும். இவையே சில்லைகள். தினைக்குருவி என்றும் கூறுவர். மலாய் மொழியில் 'பீப்பிட்' எனப்படும்.

நம் நாட்டில் இவற்றுள் பல வகை உண்டு. புள்ளிச்சில்லையின் மார்பில் மீன்செதில் போன்ற கோடுகள் காணப்படும். வெண்தலைச் சில்லையை மலாய்க்காரர் 'பீப்பிட் ஊபான்' என அழைப்பர். ஊபான் என்றால் நரை. எத்துணைப் பொருத்தமான பெயர்! கருந்தலையும் செம்பழுப்பு உடலும் உடைய மற்றொரு வகை, 1995ஆம் ஆண்டு வரை பிலிப்பீன்சு நாட்டின் தேசியப் பறவையாக விளங்கியது. நெல்மணிகளைத் தின்பதால் உழவர்கள் மட்டும் இவற்றை விரும்புவதில்லை.

சில்லையின் அலகு குட்டையானது, தடித்தது. விதையை அலகின் ஓரத்தில் வைத்து நெரித்து, உமியை உதறிவிட்டு உள்ளீட்டை மட்டும் விழுங்கும். ஆகவே, தினை, சாமை போன்ற சிறு தானியங்களே இவற்றுக்கு ஏற்றவை. ரொட்டித் துண்டுகளை இட்டால் மைனாவும் காகமுமே வந்து சேரும். தட்டில் உமி நிறைந்து கிடப்பதைக் கண்டு, தீனி இன்னும் இருக்கிறது என எண்ணிவிடக் கூடாது.

தீனி இடுவது எளிது. தட்டைத் தூய்மையாக வைத்திருப்பதே கடினம். மழையில் நனைந்த தானியத்தில் விரைவில் பூசணம் பிடிக்கும். பிரிட்டனில், சில்லையைப் போலவே விதை உண்ணும் பசும்பிஞ்சு என்னும் பறவைகளிடையே 2005ஆம் ஆண்டில் ஒருவகைத் தொண்டை நோய் காணப்பட்டது. பறவைகள் கூடி உண்ணும் இடங்களில், எச்சில் பட்ட தீனியாலும் நீராலும் அது பரவிற்று. அன்போடு தீனி வைத்தவர்களின் தோட்டங்களிலேயே அவை மடிந்தன. எண்ணிக்கை பெரிதும் குறைந்தமையால், 2021ஆம் ஆண்டில் அப்பறவை அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

எனவே, ஒரு நாளைக்குப் போதுமான தீனியையே இட வேண்டும். மாலையில் மீதியை அகற்றி, தட்டைக் கழுவி உலர்த்த வேண்டும். பின்னர்க் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். பறவைகள் பருகும் நீரையும் நாள்தோறும் மாற்றுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் அன்றோ?

அண்டை நாடான சிங்கப்பூரில், காட்டுப் பறவைகளுக்குத் தீனி இடுவது 2020ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் சட்டப்படி குற்றமாகும். ஆயினும், தானே விளைந்த புல்விதையைத் தேடிச் சில்லைகள் அங்கும் வருகின்றன. நமக்கும் அதுவே சிறந்த வழி எனத் தோன்றுகிறது. கொல்லையின் ஒரு மூலையில், வீட்டுச் சுவருக்குச் சற்றுத் தள்ளி, புல்லை வெட்டாமல் விட்டுவைக்கலாம். கதிர் முற்றியதும் சில்லைகள் தாமே வந்துவிடும். நீண்ட புல்லிதழைக் கவ்விக்கொண்டு ஒரு சில்லை பறந்தால், அருகிலுள்ள மரத்தில் பந்து போன்ற கூடு உருவாகிறது என அறியலாம். அக்கூட்டின் வாயில் பக்கவாட்டில் இருக்கும். எட்டி நின்றே பாருங்கள்.