மாற்றுச் சிறுநீரகமும் உடலின் காவலும்

ரப்பர்க் கன்றில் கட்டிய ஒட்டு, மரத்தோடு ஒன்றிவிடும். மனித உடலோ பிறர் உறுப்பை எளிதில் ஏற்பதில்லை. வெள்ளை அணுக்கள் அதனைப் பகையெனக் கருதித் தாக்கும். 1970இல் சிங்கப்பூர் ஊட்ரம் சாலைப் பொது மருத்துவமனையில் முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடைபெற்றபோதும் மருத்துவர் முன்நின்ற சிக்கல் இதுவே.

வெள்ளை அணுக்களுள் ஒரு சிறு பிரிவு, தாக்கும் அணுக்களை அடக்கி ஆள்கிறது. 1995இல் ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி அவற்றை அடையாளங்காட்டினார். 2025இல் வேறிருவருடன் நோபல் பரிசு பெற்றார். அவ்வணுக்களைப் பெருக்கி உடலிற் செலுத்தினால், மாற்றுறுப்பை உடல் தானே ஏற்குமா என ஆராய்ந்து வருகின்றனர்.

அம்முயற்சி முழுப் பயன் தரும்வரை மருந்தே துணை. கேலாங்கில் வாழ்வோராயினும் தோட்டத்தில் வாழ்வோராயினும், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், உடல்நலம் தேறிவிட்டதென்றெண்ணித் தாமாக மருந்தை நிறுத்தலாகாது.