பிள்ளை கார் ஓட்டத் தொடங்கும்போது: காப்புறுதி பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை



நாம் பலெர்மோவுக்கு வந்த காலத்தில் பஸ்ஸும் நடையும் போதுமாயிருந்தன. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளோ 18 வயது நிறைந்ததும் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து விடுகிறார்கள். பழைய கார் ஒன்றை எப்படியாவது வாங்கி விடலாம். அதன் காப்புறுதிக்குக் கேட்கப்படும் தொகைதான் வீட்டை மலைக்க வைக்கிறது. இச்செலவைக் குறைக்க நேர்மையான வழிகள் உண்டு. வீட்டையே கடனில் தள்ளக்கூடிய குறுக்கு வழிகளும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வகுப்பு முறை

இத்தாலியில் மூன்றாந்தரப்புக் காப்புறுதி 1969 ஆம் ஆண்டின் 990 ஆம் இலக்கச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. கட்டணம் 'போனுஸ் மாலுஸ்' என்னும் வகுப்பு முறையில் அமைகிறது. வகுப்புகள் 18. முதலாம் வகுப்பே சிறந்தது. புதிதாகத் தொடங்குபவர் 14 ஆம் வகுப்பில் சேர்க்கப்படுவார். தன் தவறால் விபத்து எதுவும் ஏற்படாத ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வகுப்பு முன்னேறலாம். தவறு தன்னுடையதாயின் ஒரு விபத்துக்கு இரண்டு வகுப்புகள் பின்தள்ளப்படுவார்.

கணக்கைப் பாருங்கள். 14 இலிருந்து முதலாம் வகுப்பை அடைய 13 ஆண்டுகள் வேண்டும். இடையில் ஒரு விபத்து நேர்ந்தால் முன்னேற வேண்டிய ஒரு வகுப்பும் போய், இரண்டு வகுப்புகளும் போய், மொத்தம் மூன்று ஆண்டு உழைப்பு வீணாகிறது.

2. குடும்பத்தின் நல்ல பெயர் பிள்ளைக்கும் உதவும்

2007 ஆம் ஆண்டின் 'பெர்சானி' சட்டம் ஒரு பெரிய வசதியைத் தந்தது. ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தவர் ஒருவரின் வகுப்பை, புதிதாக வாங்கும் அதே வகை வாகனத்துக்கும் பெறலாம். 2020 பெப்ரவரியிலிருந்து இவ்வசதி வேறு வகை வாகனங்களுக்கும் விரிக்கப்பட்டது. அப்பாவின் மோட்டார் சைக்கிள் முதலாம் வகுப்பில் இருந்தால், மகளின் காருக்கும் அதைக் கேட்கலாம். ஏற்கெனவே காப்புறுதி உள்ள வாகனத்தைப் புதுப்பிக்கும்போதும் கேட்கலாம்; ஆனால் கடந்த 5 ஆண்டுகளில் அவ்வாகனத்தின் தவறால் விபத்து இருந்திருக்கக் கூடாது.

இதற்குப் பிள்ளையின் பெயர் பெற்றோருடன் ஒரே 'ஸ்தாத்தோ தி பமீலியா' பதிவில் இருக்க வேண்டும். படிப்புக்காக வேறு நகரம் சென்று பதிவை மாற்றிய பிள்ளைக்கு இது கிடைக்காது. பதிவை மாற்றுமுன் இதையும் யோசியுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். வகுப்பு ஒன்றாயிருந்தாலும் கட்டணம் ஒன்றாயிராது. ஓட்டுபவரின் வயது, வசிக்கும் மாகாணம் முதலியவற்றையும் கம்பனிகள் பார்க்கின்றன.

3. பல இடங்களில் விலை கேட்டல்

காப்புறுதிக் கம்பனிகளை மேற்பார்வை செய்யும் அரச நிறுவனம் இவாஸ். அது நடத்தும் 'பிரெவென்திவாஸ்' என்னும் இணையத்தளத்தில் இலவசமாகப் பல கம்பனிகளின் விலைகளை ஒப்பிடலாம். கட்டாயக் காப்புறுதியை விற்க மறுக்கக் கம்பனிக்கு உரிமையில்லை. மறுத்தால் முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். 45 நாட்களுக்குள் தகுந்த பதில் வராவிட்டால் இவாஸுக்கு எழுதலாம்.

நம்மைத் தொடும் இன்னொரு விடயம். பாதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்டு 2021 இல் வெளிவந்த ஆய்வொன்று, பிறந்த இடம் விலையை மாற்றுவதைக் காட்டியது. மற்ற விபரங்கள் அனைத்தும் ஒன்றாயிருந்தும், லாவோசில் பிறந்தவரிடம் மிலானில் பிறந்தவரைவிட 963 யூரோ வரை கூடுதலாகக் கேட்கப்பட்டதாம். யாழ்ப்பாணத்தில் பிறந்த தந்தையும் பலெர்மோவில் பிறந்த மகனும் வேறு வேறு விலை பெறக்கூடும். ஆகவே கார் யார் பெயரில் வாங்குவது என்று தீர்மானிக்குமுன் இருவர் பெயரிலும் விலை கேளுங்கள். ஒரு கம்பனியின் பதிலோடு நின்று விடாதீர்கள்.

ஒப்பந்தம் இப்போது தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் கம்பனியை மாற்றலாம். உங்கள் வகுப்பு உங்களுடனேயே வரும்.

'ஸ்காத்தொலா நேரா' என்னும் கறுப்புப் பெட்டியைக் காரில் பொருத்தச் சம்மதித்தாலும் கழிவு கிடைக்கும். கார் ஓடும் விதம் அதில் பதிவாகும் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி விடுங்கள்.

4. 'எஸ்பெர்தா' என்னும் பொறி

மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் 'குயீதா எஸ்பெர்தா' ஒப்பந்தம் எடுக்கிறார்கள். குறித்த வயதுக்கு மேற்பட்ட அனுபவசாலிகள் மட்டுமே அந்தக் காரை ஓட்டலாம் என்பது அதன் பொருள். அப்பா பெயரில் அப்படி எடுத்த காரை 19 வயது மகன் ஓட்டி ஒருவரைக் காயப்படுத்தினால் என்ன நடக்கும்? கம்பனி காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும். பின்னர் கொடுத்த பணத்தை நம்மிடம் திருப்பிக் கேட்கும். இதற்கு 'ரிவால்சா' என்று பெயர். கடுமையான காயமென்றால் அத்தொகை ஒரு குடும்பம் ஆயுள் முழுவதும் வீட்டு வேலை செய்தாலும் அடைக்க முடியாததாகலாம்.

பிள்ளை இடைக்கிடை ஓட்டுவதாயினும் 'குயீதா லிபெரா' எடுங்கள். கையெழுத்திடுமுன் ரிவால்சா பற்றிய பந்தியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இத்தாலிய மொழி நன்கு தெரிந்த பிள்ளையே அதை வாசித்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விளக்கட்டும்.

ரெஜியோ எமிலியாவிலுள்ள சித்தப்பாவின் விலாசத்தைக் கொடுத்து விலையைக் குறைப்பதும் இதே வகைதான். பொய் விபரம் வெளிப்பட்டால் அதே கதியே.

5. புதிய சாரதிக்கான விதிகள்

முதல் மூன்று ஆண்டுகள் நெடுஞ்சாலையில் வேகம் 100 கிலோமீற்றரைத் தாண்டலாகாது. மதுபானம் ஒரு துளியும் கூடாது. 2024 டிசம்பர் 14 முதல் கார் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள், அம்மூன்று ஆண்டுகளும் 105 கிலோவாற்றுக்கு மேற்பட்ட கார்களையோ, தொன் ஒன்றுக்கு 75 கிலோவாற்றைத் தாண்டும் கார்களையோ ஓட்டக் கூடாது. கார் வாங்குமுன் அதன் பதிவுப் பத்திரத்தில் இதைப் பாருங்கள்.

6. போலிகள்

அரை விலைக்குத் தருவதாகத் தொலைபேசியில் வருபவர்களை நம்ப வேண்டாம். போலி இணையத்தளங்களின் பட்டியலை இவாஸ் வெளியிடுகிறது. தனியாள் பெயரிலுள்ள முற்கொடுப்பனவு அட்டைக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி என்று கொள்ளுங்கள். பணம் கட்டியபின் 'போர்த்தாலே தெல்ல ஆவுத்தோமொபிலிஸ்தா' தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்துக் காப்புறுதி உண்டா என்று பார்க்கலாம். காப்புறுதியின்றி ஓடினால் தண்டம் 866 யூரோவில் தொடங்குகிறது, வாகனமும் பறிமுதலாகும்.

7. சிறு விபத்து நேர்ந்தால்

சிறிய இடியென்றால், கொடுக்கப்பட்ட நட்டஈட்டைத் திருப்பிக் கட்டி வகுப்பைக் காப்பாற்றலாம். தொகையை 'கொன்சாப்' நிறுவனத்திடம் கேட்டறியலாம். இழக்கும் வகுப்புகளால் வரும் ஆண்டுகளில் கூடும் கட்டணத்தையும் அத்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

அடியார்களே, காப்புறுதி என்பது பொலிசுக்குக் காட்டும் கடதாசி அல்ல. தெருவில் போகும் முன்பின் தெரியாத ஒருவருக்கு நம் பிள்ளையால் தீங்கு நேர்ந்தால் அவரையும் நம்மையும் தாங்கும் ஏற்பாடு அது. மலிவாக எடுங்கள், ஆனால் உண்மை சொல்லி எடுங்கள். வெள்ளம் வருமுன் அணை கட்டுவோம். எல்லாப் பிள்ளைகளும் சுகமாக வீடு திரும்ப இறைவன் துணை நிற்பானாக.