திருநங்கையரோடு உறவுள்ள கணவன்மாரும் எச்.ஐ.வி. தடுப்பும்



வீட்டில் யாரும் வாய் திறந்து பேசாத விஷயம் இது. கணவனும் மனைவியும் சேர்ந்தே படியுங்கள். கூச்சமாக இருந்தால் தனித்தனியாகவாவது படியுங்கள்.

திருநங்கையரோடு உறவுள்ள ஆண்களில் மணமானவர்களும் உண்டு. இப்படிப்பட்ட ஆணைத் திருநங்கையர் தங்களுக்குள் 'பந்தி' என்பார்கள். அவரையே கேட்டால், "நான் சாதாரண ஆம்பளைங்க, பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க" என்பார். அதில் பொய் இல்லை. திருநங்கையைப் பெண்ணாகவே பார்க்கிறார், தன்னை ஆணாகவே நினைக்கிறார். அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளும்படி அவரை நாம் கேட்கப்போவதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள் பரிசோதனைக்கு வாருங்கள்' என்று எழுதிப் போட்டால், அது தனக்கில்லை என்று இவர் தாண்டிப் போய்விடுகிறார். கிருமிக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியுமா? உறை இல்லாமல் உறவு நடந்ததா என்பதுதான் கணக்கு. ஆசனவாய் வழி உறவில் அபாயம் அதிகம். அங்கே உட்சவ்வு மெல்லியது, சுலபமாகக் கிழியும். "நான் ஆம்பளையா நடந்துக்கறவன், எனக்கு வராது" என்பதும் தப்பு. இருவருக்கும் வரும். ஆணிடமிருந்து திருநங்கைக்கும் போகும் என்பதால், அவர்களை மட்டும் பழிப்பது நியாயமில்லை.

முன்பின் தெரியாதவரிடம் உறை போடுகிறவர், பழகிப்போன திருநங்கையிடம் போடுவதில்லை. "அவ எனக்கு சம்சாரம் மாதிரி. உறையை எடுத்தா சந்தேகப்படற மாதிரி ஆயிடும்" என்பார். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் போடுவதில்லை. மனைவிக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே! ஆபரேஷனும் காப்பர்-டியும் கருவைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. எந்த இரண்டு இடத்தில் பாசம் அதிகமோ அந்த இரண்டு இடத்திலும் பாதுகாப்பு இல்லை.

நிரோத் உறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு முறைக்கும் புது உறை. தேங்காய் எண்ணெய், வேஸ்லின் தடவினால் உறை கிழிந்துவிடும். தண்ணீர் சேர்த்துச் செய்த ஜெல்தான் ஏற்றது.

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கர்ப்ப காலப் பரிசோதனையில் 'கிருமி இல்லை' என்று வந்தால் அது உங்களைப் பற்றிய செய்தி மட்டுமே, கணவரைப் பற்றியது அல்ல. கிருமி இருப்பதாக வந்தாலோ, முதலில் தெரிந்தது மருமகளுக்கு என்பதால் அவள்தான் கொண்டுவந்தாள் என்று மாமியார் வீட்டில் பேசுகிறார்கள். இது பெரிய கொடுமை. கணவரும் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அப்போது மருந்து கிடையாது. இன்று ஏ.ஆர்.டி. மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். அதைத் தினமும் விடாமல் சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அது அப்படியே நீடித்தால் உடலுறவால் மனைவிக்குப் பரவாது. குழந்தைக்குப் பரவுவதையும் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். கிருமி தொற்றிய புதிதில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். ஆகவே 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். போலீஸ் பயம் வேண்டாம்: வயது வந்த இருவர் சம்மதித்துக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதே மாதம் 10-ஆம் தேதி அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, உங்கள் சம்மதமின்றி பரிசோதிக்கவோ முடிவை ஊருக்குச் சொல்லவோ கூடாது. மனைவிக்குப் பரவாமல் காக்கும் பொறுப்பையும் அந்தச் சட்டம் உங்கள் மேல் வைத்திருக்கிறது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று தவிப்பவருக்கு ஆலோசகர் கூட இருந்து உதவுவார்.

ஆலோசகரிடம் "நான் இன்னார்" என்று பட்டம் எதுவும் சொல்ல வேண்டாம். "திருநங்கை ஒருத்தரோட பழக்கம் இருக்குதுங்க, உறை போடலை" என்றால் போதும். நேரில் போகத் தயக்கமானால் 1097-க்குக் கட்டணமின்றிப் பேசிக் கேட்கலாம்.