நொச்சி வேலியின் மருத்துவப் பயன்

புதுச்சேரி நகரை அடுத்த லாஸ்பேட்டையில் முன்னாளில் விளைநிலமாயிருந்தவை பல இப்போது குடியிருப்பு மனைகளாகிவிட்டன. இவ்வாறு நிலம் மாறுமிடங்களில் வேலிச்செடிகளும் அழிக்கப்படுகின்றன. அவற்றுள் காக்கத்தக்கது நொச்சியாகும்.

மூட்டுக்களில் வீக்கமும் வலியும் கண்டால் நொச்சியிலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடமிடுவது நாட்டுவைத்திய வழக்கம். இலங்கை ஆராய்ச்சியாளர் முற்றிய பச்சிலையின் நீர்ச்சாற்றை எலிகளுக்கு ஊட்டிச் சோதித்து, முடிவை 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எலிகளின் பாதவீக்கம் தணிந்தது. ஆயினும் சாற்றின் அளவு கூடியபோது குணம் கூடாமல் குறைந்தது. வீக்கத்தை வளர்க்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாவதைச் சாறு தடுக்கக்கூடுமென அவர்கள் கருதினர். ஆஸ்பிரின் இவ்வழியிலேயே வேலை செய்வதை ஜான் வேன் என்பார் 1971-இல் விளக்கினார்.

எலியிற் கண்டது மனிதருக்கும் பொருந்துமென்று துணிதல் கூடாது. சாற்றைத் தாமே அளவிட்டு அருந்தலாகாது. காய்ச்சலோடு கூடிய வீக்கத்திற்கும் நாட்பட்ட வீக்கத்திற்கும் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

நொச்சிப் போத்துக்களை ஐப்பசி மழையில் வரப்போரமாக நட்டால் எளிதில் வேரூன்றும். ஆடுமாடுகள் இதனை விரும்பி மேயாவாதலின் வேலிக்கு மிக ஏற்றது. உலர்ந்த இலையைத் தானியக் குதிரில் இட்டுப் பூச்சியைத் தடுப்பதும் பழைய வழக்கமாகும்.

வரப்பைத் திருத்தும் குடியானவர்களும், வாய்க்காற்கரையைச் செப்பனிடுவிக்கும் கிராம அதிகாரிகளும் நொச்சியை வேரோடு களையாமல் கிளைகளை மட்டும் கழித்துவிடுவாராயின், அது மீண்டும் தழைத்து வேலியாகவும் மருந்தாகவும் பயன்படும்.