வாயில்லா ஜீவனும் நம் கடமையும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் நாம் வகுப்பில் படிக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறோம். ஆனால் நம் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு கிழட்டுப் பூனை நோயுற்றுப் படுத்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. சென்ற ஆண்டு சித்திரை முதல் ஐப்பசி வரை நானும் என் தங்கையும் வீட்டில் கற்ற பாடத்தை இங்கே எழுதுகிறோம். பூனை வளர்க்கும் தோழியருக்கு இது பயன்படும் என்று நம்புகிறோம்.

எங்கள் மினூ

எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். ஒரு மழை நாளில் வாசல் திண்ணையில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை எடுத்து வந்து, 'மினூ' என்று பெயரிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் பூனையைச் செல்லமாக அழைக்கும் சொல் அது. நாங்கள் பிறந்த ஆண்டில் வந்ததால் எனக்கும் மினூவுக்கும் ஒரே வயது. ஆனால் 15 வயதுப் பூனை என்பது மனிதக் கணக்கில் ஏறத்தாழ 76 வயது மூதாட்டிக்குச் சமம் என்று மருத்துவர் சொன்னபோதுதான், அது எங்கள் பாட்டியின் வயது என்பதை உணர்ந்தோம். தாத்தா மறைந்தபின் அவருடைய சாய்வு நாற்காலியில் மினூ மட்டுமே படுக்கும். மாலையில் பாட்டி ஜெபமாலை சொல்லும்போது இறங்கி வந்து அவர் காலடியில் உட்காரும்.

பூனைக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கல்லறையில், மனித எலும்புக்கூட்டின் அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004-இல் அறிவித்தார்கள். எகிப்தில் வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் அனைவரும் புருவத்தை மழித்துத் துக்கம் காப்பார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். இதைக் கேட்டு முன்பு நாங்கள் சிரித்தோம். இப்போது சிரிப்பதில்லை.

சிறுநீரகம் என்னும் வடிகட்டி

வயதான பூனைகளுக்கு மிகுதியாக வரும் நோய்களில் ஒன்று நாட்பட்ட சிறுநீரக நோய். மனிதனின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன என்று உயிரியல் பாடத்தில் படிக்கிறோம். பூனைக்குச் சுமார் 2 இலட்சம்தான். ஒரு நெஃப்ரான் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. மீதியுள்ளவை அதன் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு அழியும் வரை வெளியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. நான்கில் மூன்று பங்கு போனபிறகுதான் பொதுவாக இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு உயருகிறது.

இதன் குறிகள்: அடிக்கடி தண்ணீர் குடித்தல், அதிகமாகச் சிறுநீர் கழித்தல், உடல் மெலிதல், உரோமம் மங்கிச் சிக்காதல், வாந்தி, வாயில் துர்நாற்றம், பசியின்மை. இந்நோய்க்கு முழுக் குணம் இல்லை. ஆனால் தக்க கவனிப்பு இருந்தால் பல பூனைகள் மாதக்கணக்காக, சில ஆண்டுக்கணக்காகவும் நன்றாக வாழ்கின்றன.

நாங்கள் செய்த தவறுகள்

மறைக்காமல் சொல்கிறோம். சித்திரையில் மினூ கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது. கத்திரி வெயில் என்று எண்ணினோம். இடுப்பு எலும்பு தெரிய ஆரம்பித்தது. வயதாகிறது என்று எண்ணினோம். சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியபோது, பாசத்தால் நெத்திலிக் கருவாடு கொடுத்தோம். கருவாட்டில் உப்பும் பாஸ்பரஸும் மிகுதி. பழுதுபட்ட சிறுநீரகத்திற்கு இரண்டுமே ஆகாதவை. மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது 4 கிலோவுக்கு மேல் இருந்த மினூ 2 கிலோ 800 கிராமாகக் குறைந்திருந்தது.

இன்னொரு தவறு பெருந்தவறாக முடிந்திருக்கும். ஒரு நாள் மினூவின் வயிறு கையில் சுட்டது. காய்ச்சல் என்று நினைத்து, பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்துவிட்டோம். அம்மா பார்த்துவிட்டு, "டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்" என்று தடுத்தார்கள். பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு அது சூடாகத்தான் இருக்கும். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அது சிவப்பணுக்களைக் கெடுத்துவிடும். ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம். தோழியரே, மனிதருக்கான எந்த மாத்திரையையும் பூனைக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

வீட்டுப் பணிவிடை

நம் புதுவையில் குரும்பாப்பேட்டையில் 1994-ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. ஆடு மாடுகளுக்கு மட்டுமல்ல, நாய் பூனைகளுக்கும் வைத்தியம் கற்ற மருத்துவர்கள் பலர் இன்று இருக்கிறார்கள். அப்படி ஒரு மருத்துவர் அம்மா இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துவிட்டுக் கூறிய முறைகளை வீட்டில் கடைப்பிடித்தோம்.

வீட்டில் மூன்று இடங்களில் தண்ணீர் வைத்தோம். உப்பும் முள்ளும் இல்லாத வேகவைத்த மீன், முட்டை வெள்ளைக்கரு, மருத்துவர் எழுதிக் கொடுத்த சிறுநீரக உணவு ஆகியவற்றைச் சிறிது வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தோம். சூடு பட்டால் வாசனை எழும். வாசனை வந்தால்தான் பூனைக்குப் பசி வரும். இரண்டு மூன்று நாட்கள் ஒன்றுமே உண்ணாவிட்டால் உடம்பின் கொழுப்பு ஈரலில் சேர்ந்து வேறொரு நோயை உண்டாக்கும் என்பதால், பட்டினி கிடக்க விடக்கூடாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் தோளுக்கு நடுவே தளர்ந்திருக்கும் தோலை உயர்த்தி, அதனடியில் ஊசி வழியாக ரிங்கர் லாக்டேட் கரைசல் 100 மில்லி ஏற்றினோம். 'குளுக்கோஸ் ஏற்றுவது' என்று வீட்டில் சொன்னாலும் இது குளுக்கோஸ் அல்ல, உப்புக் கரைசல். பாட்டிலை முதலில் வெதுவெதுப்பான நீரில் வைத்துக் குளிர்ச்சியைப் போக்க வேண்டும். முதல் நாள் ஊசி குத்தும்போது எங்கள் கை நடுங்கியது. மூன்றாம் வாரத்தில் மினூ மடியிலேயே உறங்கிவிடும். ஆடியிலும் ஆவணியிலும் மறுபடி சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்தது. அந்த இரண்டு மாதங்கள் எங்களுக்குக் கிடைத்த வரம்.

நாட்காட்டியில் இரண்டு நிறம்

பூனை வலியை மறைக்கும் பிராணி. காட்டில் நோயைக் காட்டிக்கொண்டால் பகைக்கு இரையாக வேண்டும் அல்லவா? சுகமாக இருக்கும்போது எழுப்பும் 'குர் குர்' ஒலியை வலியிலும் எழுப்பும். ஆகவே அந்த ஒலியை மட்டும் நம்பக் கூடாது. கனடா நாட்டின் மாண்ட்ரீயால் பல்கலைக்கழகத்தார் 2019-இல் பூனையின் முகத்தைக் கொண்டு வலியை அறியும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். காதுகள் வெளிப்புறம் திரும்பியுள்ளனவா, கண்கள் இடுங்கியுள்ளனவா, மூக்கும் வாயும் இறுகியுள்ளனவா, மீசை விறைத்துள்ளதா, தலை தோளுக்குக் கீழே தாழ்ந்துள்ளதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இடவேண்டும். மொத்தம் 10-க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிக்கு மருந்து தேவை.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004-இல் இன்னொரு பட்டியலைத் தந்தார். வலி, பசி, உடலின் நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்பன அதிலுள்ள ஏழு கேள்விகள். மருத்துவர் அம்மா இதை எளிதாக்கி, "பிள்ளைகளா, சமையலறை நாட்காட்டியில் நல்ல நாளுக்கு நீலம், கெட்ட நாளுக்குச் சிவப்பு என்று குறியுங்கள். மனம் மறந்துவிடும், காகிதம் மறக்காது" என்றார்கள். ஆவணியில் பெரும்பாலும் நீலம். புரட்டாசியில் இரண்டும் சரிபாதி. ஐப்பசி முதல் வாரத்தில் நீலமே இல்லை.

கடினமான கேள்வி

அப்போதுதான் 'கருணைக்கொலை' என்ற சொல் எங்கள் வீட்டிற்குள் வந்தது. "அந்தப் பெயரிலேயே கொலை இருக்கிறதே! நம் வீட்டில் அது வேண்டாம்" என்று பாட்டி அழுதார்கள். தங்கை இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. தெரிந்தவர் ஒருவரோ, "சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவிடுங்கள், தலையெழுத்துப்படி ஆகட்டும்" என்றார். இது பலர் செய்வதுதான். ஆனால் பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். இச்சட்டம் வர முதலில் மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி என்பது நமக்குப் பெருமை. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல்தான் அவர். 1962-இல் ஏற்பட்ட விலங்குகள் நல வாரியத்திற்கும் அவரே முதல் தலைவரானார்.

பாவமா இல்லையா என்ற கேள்வியுடன் சிஸ்டரிடம் சென்றோம். அவர்கள் 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்து விளக்கினார்கள். மனித உயிரைப் போக்க நமக்கு உரிமை இல்லை. நோயுற்ற மனிதரை இறுதிவரை பேண வேண்டும். விலங்குகள் கடவுளின் படைப்புகள். அவற்றிற்கு அன்பு காட்டக் கடமைப்பட்டுள்ளோம். அவற்றைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கு ஏற்றதல்ல. 'தேவையின்றி' என்ற சொல்லைக் கவனிக்கச் சொன்னார்கள். வறியவரின் துயர் தீர்க்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது முறையல்ல என்றும் அதே நூல் கூறுவதை மறைக்காமல் காட்டினார்கள். அப்பாவின் சம்பளத்தில் மினூவின் மருந்துக்கு எவ்வளவு என்று நாங்களும் கணக்குப் பார்த்தவர்கள்தாம். அதைப் பேசுவது அன்பின்மை ஆகாது என்று அன்று தெளிந்தோம்.

மருத்துவர் அம்மா எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "மினூவுக்கு மிகவும் பிடித்த மூன்று காரியங்கள் எவை?" நாற்காலியில் படுப்பது, மீன் தின்பது, ஜெபமாலை நேரத்தில் பாட்டியிடம் வருவது என்றோம். "இவற்றில் இன்று எது மீதி?" என்றார்கள். முதல் இரண்டும் போய்விட்டன.

அந்த மாலை

அன்று இரவு பாட்டி ஜெபமாலை தொடங்கியதும் மினூ எழுந்தது. நான்கு அடி வைத்தது. பின்னங்கால்கள் மடங்கி விழுந்தது. மறுபடி எழ முயன்று, படுத்தபடியே பாட்டியைப் பார்த்தது. பாட்டி ஜெபத்தை நிறுத்திவிட்டுத் தாமே அதனிடம் சென்று தரையில் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்து, "போதும். டாக்டரம்மாவை வரச் சொல்லுங்கள்" என்றார்கள்.

மறுநாள் மாலை மருத்துவர் அம்மா வீட்டிற்கே வந்தார்கள். நடக்கப்போவதை முன்பே சொன்னார்கள். முதலில் உறங்க ஓர் ஊசி. நன்றாக உறங்கியபின் மயக்க மருந்தை மிகுந்த அளவில் இரத்தக் குழாயில் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் மூடாது, உடல் ஒருமுறை அசையலாம், அது வலி அல்ல என்றார்கள். தங்கைக்கு, வேண்டுமானால் இருக்கலாம், வேண்டாமென்றால் உள்ளே போகலாம் என்று சொன்னார்கள். அவள் இருந்தாள். பாட்டி மடியில், தாத்தாவின் பழைய வேட்டித் துண்டின்மேல் மினூ படுத்திருந்தது. எல்லாம் முடிய ஒரு ஜெபமாலைப் பத்து மணி சொல்லும் நேரம்கூட ஆகவில்லை. அரியாங்குப்பத்தில் மாமா வீட்டுத் தென்னந்தோப்பில் மூன்றடிக் குழி தோண்டிப் புதைத்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது.

முடிவுரை

ஒரு வாரம் முந்திவிட்டோமா, ஒரு வாரம் பிந்திவிட்டோமா என்று நாங்கள் இன்றும் பேசிக்கொள்கிறோம். சித்திரையிலேயே கவனித்திருந்தால் என்ற எண்ணமும் வருகிறது. முந்தியதோ பிந்தியதோ, எங்கள் சிரமம் தீரவேண்டும் என்பதற்காக அதைச் செய்யவில்லை என்பதை அந்த நாட்காட்டி சொல்கிறது. பாட்டி அதைக் கிழித்துப் போட விடவில்லை.

தோழியரே, உங்கள் பூனைக்கு ஏழெட்டு வயதானால் ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் காட்டுங்கள். மாதம் ஒரு முறை எடை பாருங்கள். தண்ணீர் அதிகம் குடித்தால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். முடிவு எடுக்க வேண்டிய நாள் வந்தால், வீட்டிலுள்ள எல்லோரும், சிறியவர்களும் பெரியவர்களும், சேர்ந்து பேசுங்கள்; கைவிட்டு ஓடாதீர்கள். வாயில்லா ஜீவனுக்காக நாம்தான் பேச வேண்டும். அதற்கு முதலில் அதை உற்றுப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.